கட்டடம் விட்டுக் கட்டடம்: கம்பியில்லா இணையம் பற்றிய ஒரு நடைமுறை ஆய்வு

முன்னுரை

கம்பியில்லாத் தந்தி என்ற சொல் நம் பாட்டனார் காலத்தில் வியப்பைத் தந்தது. இன்று கம்பியில்லா இணையம் மளிகைக் கடைக் கல்லாப்பெட்டியின் அருகிலும் காணப்படும் எளிய பொருளாகிவிட்டது. ஓர் அறைக்குள் அது செம்மையாக இயங்குவதை யாவரும் அறிவோம். ஆனால் முன்புறம் அலுவலகமும் பின்புறம் கிட்டங்கியுமாக ஒரே வளாகத்தில் இரண்டு கட்டடங்கள் இருந்தால், முன்கட்டடத்தில் நன்றாக ஓடும் இணையம் பின்கட்டடத்தை எட்டுவதற்குள் தளர்ந்து நின்றுவிடுகிறது. கடையநல்லூர் வட்டாரத்து அரிசி ஆலைகள், ஜவுளிக் கிட்டங்கிகள், மர அறுவை ஆலைகள், திருமண மண்டபங்கள் ஆகியவற்றில் பெரும்பாலானவை இத்தகைய அமைப்பு உடையவை. ஆகவே இது நம் ஊர்ப் பிரச்சினை.

இதற்கு மருந்து ‘ஆற்றல் மிக்க பெட்டி ஒன்றை வாங்குவது’ என்றே பலரும் எண்ணுகின்றனர். அது பொருந்தாது என்பதை இயற்பியல் நெறியில் விளக்குவது இக்கட்டுரையின் முதல் நோக்கம். கட்டடங்களுக்கிடையே வேண்டுவது வேகம் அன்று, நம்பகம். அந்த நம்பகமும் ஆன்டெனாவில் மட்டும் இல்லை, மின்சாரத்திலும் மனிதரிடத்திலும் இருக்கிறது என்று காட்டுவது இரண்டாவது நோக்கம்.

வரலாற்றில் சில படிகள்

1895-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ், கண்ணுக்குத் தெரியாத மின்காந்த அலைகளைச் சுவர்களின் ஊடே செலுத்தி, அப்பால் இருந்த மணியை ஒலிக்கச் செய்தார். சுவரை அலை கடக்கும் என்பதை அந்நிகழ்ச்சி மெய்ப்பித்தது. கணினிகளை வானொலி அலையால் இணைக்கும் முயற்சி 1971-இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் வெற்றி கண்டது. தீவுகளில் சிதறிக் கிடந்த கல்வி நிலையங்களை நார்மன் ஆபிரம்சன் குழுவினர் ‘அலோஹாநெட்’ என்ற வலையால் இணைத்தனர். இன்று நாம் வைஃபை என வழங்கும் முறைக்கான முதல் தரநிலை 1997-இல் வெளிவந்தது.

நம் நாட்டில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைக் குறிப்பிட்ட ஆற்றல் வரம்புக்குள் உரிமம் இன்றிப் பயன்படுத்த 2005-இல் அரசு அனுமதித்தது. 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையின் பெரும்பகுதி 2018-இல் அவ்வாறே திறந்துவிடப்பட்டது. ஆலை முதலாளி ஒருவர் தம் வளாகத்துக்குள் இரண்டு ஆன்டெனாக்களை எதிரெதிரே நிறுத்தத் தனி உரிமம் வேண்டாதிருப்பது இவ்விரு ஆணைகளால்தான். எனினும் ஆற்றல் வரம்பு உண்டு என்பதை மறக்கலாகாது.

உரக்கப் பேசினால் போதுமா?

ஆற்றின் இரு கரைகளில் இருவர் நிற்பதாகக் கொள்வோம். ஒருவரிடம் ஒலிபெருக்கி உண்டு. மற்றவருக்கு மெலிந்த குரல். ஒலிபெருக்கியில் பேசுவது மறுகரைக்குக் கேட்கும். அங்கிருந்து வரும் விடையோ இங்கே கேட்காது. உரையாடல் நடைபெறாது. இணையமும் ஓர் உரையாடலே. ஒவ்வொரு செய்தித் துணுக்கும் வந்து சேர்ந்ததற்கு மறுமுனை ஒப்புகை அனுப்ப வேண்டும். ஒப்புகை வராவிட்டால் அனுப்பியவர் மீண்டும் மீண்டும் அதையே அனுப்பிக்கொண்டிருப்பார்.

அலுவலக ரவுட்டரின் ஆற்றலை எவ்வளவு கூட்டினாலும், கிட்டங்கியில் இருப்பவர் கையிலுள்ள அலைபேசியின் ஆற்றல் சில பத்து மில்லிவாட் அளவே. ‘திரையில் கோடு முழுவதும் தெரிகிறது, ஆனால் ஒன்றும் போகவில்லை’ என்று பலர் குறைகூறக் கேட்டிருக்கிறேன். திரையிலுள்ள கோடு, நமக்குக் கேட்கும் குரலின் அளவை மட்டுமே காட்டுகிறது. நம் குரல் அங்கே கேட்கிறதா என்பதை அது காட்டாது.

மூன்று வழிகள்

முதலாவது, கம்பி வழி. பள்ளம் தோண்டிக் குழாய் பதிக்க இடமிருந்தால் இதனினும் சிறந்த வழி இல்லை. ஆனால் சாதாரணச் செம்புக் கம்பி 100 மீட்டருக்கு மேல் பயன்படாது. மேலும், இரு கட்டடங்களின் நில இணைப்புகள் ஒரே மின்னழுத்தத்தில் இருப்பதில்லை. பக்கத்தில் இடி விழுந்தால் அச்செம்பே மின்னலை இரு பக்கத்துக் கருவிகளுக்கும் கொண்டு சேர்த்துவிடும். ஒளியிழைக் கம்பியில் மின்சாரம் பாயாது. கட்டடத்துக்குக் கட்டடம் ஒளியிழையே பாதுகாப்பானது.

இரண்டாவது, அஞ்சல் பெட்டி வழி. முன்கட்டடத்தின் அலையை இடையில் ஒரு பெட்டி வாங்கி மீண்டும் அனுப்புவது இம்முறை. ஒரே வானொலிப் பகுதியால் கேட்கவும் பேசவும் வேண்டியிருப்பதால் வேகம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். அன்றியும், குரல் தேய்ந்துபோன இடத்தில் பெட்டியை வைத்தால் தேய்ந்த குரலையே அது திருப்பிச் சொல்லும். வீட்டுக்கு ஏற்ற இம்முறை ஆலைக்கு ஏற்றதன்று.

மூன்றாவது, நேர்நோக்கு வழி. இரு கட்டடங்களின் வெளிச்சுவரிலும் ஒருதிசை ஆன்டெனாக்களை எதிரெதிரே பொருத்தி, அவ்விரண்டும் தமக்குள் மட்டுமே பேசிக்கொள்ளும்படி அமைப்பது. விளக்கின் ஒளி எல்லாத் திசையிலும் பரவுகிறது. கைவிளக்கின் குவியாடி அதே ஒளியை ஒருமுகப்படுத்துகிறது. ஒருதிசை ஆன்டெனா செய்வதும் அதுவே. அது பேச்சை மட்டுமன்றிக் கேட்பதையும் கூர்மையாக்குகிறது. எனவே இரு பக்கத்தாருக்கும் குரல் ஒருசேர உயர்கிறது.

அலையின் வரவு செலவுக் கணக்கு

இம்மூன்றாம் வழியைக் கணக்கால் காண்போம். வானொலிப் பொறியாளர் ஆற்றலை ‘டெசிபெல்’ என்ற அளவால் கணக்கிடுவர். 3 டெசிபெல் கூடினால் ஆற்றல் இரு மடங்கு. 10 கூடினால் பத்து மடங்கு. பெருக்க வேண்டியதைக் கூட்டலாகவும் வகுக்க வேண்டியதைக் கழித்தலாகவும் மாற்றித் தருவது இதன் வசதி.

நான் அளந்து பார்த்த ஓர் அரிசி ஆலையில் அலுவலகத்துக்கும் கிட்டங்கிக்கும் இடையே 140 மீட்டர் தொலைவு. 5.8 கிகாஹெர்ட்ஸ் அலை அத்தொலைவைக் கடக்கும்போது ஏறத்தாழ 91 டெசிபெல் இழக்கும். அனுப்பும் ஆற்றல் 100 மில்லிவாட், அதாவது ஒரு மில்லிவாட்டுக்கு மேல் 20 டெசிபெல். இரு ஆன்டெனாக்களும் ஆளுக்கு 13 டெசிபெல் சேர்க்கின்றன. வரவு 20, 13, 13 ஆக 46, செலவு 91. எனவே மறுமுனையில் கிடைப்பது ஒரு மில்லிவாட்டுக்குக் கீழே 45 டெசிபெல். நல்ல வேகத்துக்குக் கீழே 70 டெசிபெல் கிடைத்தாலே போதும். ஆகக் கையிருப்பு 25 டெசிபெல். தேவையைப் போல் முந்நூறு மடங்குக்கும் மேல். தொலைவு இரட்டித்தால் 6 டெசிபெல்தான் குறையும் என்பதால், 280 மீட்டரிலும் அச்சமில்லை.

இக்கையிருப்பைத் தின்பவை தடைகள். அடர்ந்த இலைக்கூட்டம் மீட்டருக்கு ஏறத்தாழ ஓரிரு டெசிபெல் அளவில் அலையை விழுங்கும். எட்டு மீட்டர் பரந்த வேப்பமரம் பாதையின் குறுக்கே நின்றால் கையிருப்பில் பாதி போய்விடலாம். நனைந்த இலை இன்னும் மிகுதியாக விழுங்கும். சாரல் பருவத்தில் ‘மழையால் இணையம் அறுந்தது’ என்று கூறுவது வழக்கம். 140 மீட்டர் தொலைவில் மழைத்துளி இவ்வலையைத் தடுக்கும் அளவு பொருட்படுத்தத் தக்கதன்று. பழி நனைந்த மரத்தையோ, நீர் புகுந்த இணைப்பானையோ, மின்சாரத்தையோ சாரும்.

இரு ஆன்டெனாக்களும் ஒன்றையொன்று ‘பார்த்தால்’ மட்டும் போதாது. அலை நூல்போலச் செல்வதில்லை. நடுவில் பருத்த கதிர்போன்ற ஓர் இடத்தை நிரப்பிச் செல்கிறது. பிரெனெல் மண்டலம் எனப்படும் இவ்விடத்தின் நடு ஆரம் மேற்கூறிய 140 மீட்டருக்கு ஏறத்தாழ 1.3 மீட்டர். அதில் ஐந்தில் மூன்று பங்காவது தடையின்றி இருக்க வேண்டும். மூட்டை ஏற்றிய லாரி சுமார் 4 மீட்டர் உயரம் வரும் என்பதால், அலையின் நடுக்கோடு தரையிலிருந்து 5 மீட்டருக்குக் குறையாமல் அமைய வேண்டும். இதைக் கணக்கிடாமல் தாழப் பொருத்தினால், லாரி வந்து நிற்கும் வேளையில், அதாவது எடைச்சீட்டு தேவைப்படும் அதே வேளையில், இணைப்பு அறுபடும்.

ஆலையில் கண்டவை

அவ்வாலையின் களம் முழுவதும் சிமெண்டுத் தளம். நெல் உலர்த்தும் தளத்தை வெட்டிக் குழாய் பதிக்க முதலாளிக்கு மனமில்லை; எனவே நேர்நோக்கு வழி தேர்ந்தெடுக்கப்பட்டது. கிட்டங்கியில் மூட்டைக் கணக்கைப் பதிந்தால்தான் அலுவலகத்தில் பற்றுச்சீட்டு வரும். சீட்டு வந்தால்தான் லாரி நகரும். இணைப்பு அறுந்தால் லாரி நிற்கும். லாரி நின்றால் மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி பெறும் சுமைத் தொழிலாளர் கைகட்டி உட்கார்ந்திருப்பர். முதலாளிக்கு அரைமணித் தாமதம். அவர்களுக்கோ அது அன்றைய வருமானத்தில் விழும் துண்டு. வேகத்தைவிட நம்பகம் பெரிதென்று நான் கூறுவதன் பொருள் இதுவே. அங்கே கண்டவற்றில் மூன்று செய்திகள் நம் பாடத்துக்கு உரியவை.

ஒன்று, தகரக் கூரை. உலோகத் தகடு அலையை உள்ளே விடாது, திருப்பியனுப்பிவிடும். எனவே ஆன்டெனா கிட்டங்கியின் வெளிச்சுவரில் இருக்க வேண்டும். அங்கிருந்து கம்பியால் உள்ளே வந்து, தனியான சிறு வைஃபை பெட்டியில் முடிய வேண்டும். ஆற்றுநீர் வாசல்வரை வந்தாலும் வயலுக்குள் பாய வாய்க்கால் வேண்டும் அல்லவா?

இரண்டு, மூட்டைகள். தானியத்திலுள்ள ஈரம் அலையை உறிஞ்சும். காலிக் கிட்டங்கியில் மூலைமுடுக்கெல்லாம் எட்டிய அலை, பிசான அறுவடை முடிந்து மூட்டை அடுக்கியபின் சந்துகளில் எட்டவில்லை. ஆகவே சோதனையைக் கிட்டங்கி நிறைந்திருக்கும் நாளில் செய்ய வேண்டும். உட்பெட்டியை அடுக்கின் உச்சிக்கு மேலே மாட்ட வேண்டும்.

மூன்று, மோட்டார். ஆன்டெனாக்கள் பொருத்தி அலையின் அளவு கணக்குக்கு ஒத்து வந்த பின்னரும் நாளுக்குப் பலமுறை இணைப்பு அறுந்தது. கிட்டங்கிக் கணக்கரிடம் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்து, அறுபடும் நேரத்தை ஒரு வாரம் குறித்து வைக்கச் சொன்னேன். அவர் நேரத்துடன் அப்போது ஆலையில் நடந்ததையும் எழுதி வைத்தார். அறுபட்ட நேரங்களில் மிகப் பல, அரைவை மோட்டார் ஓடத் தொடங்கும் நேரத்தோடு ஒத்திருந்தன. பெரிய மோட்டார் புறப்படுகையில் மின்னழுத்தம் நொடிப்பொழுது தாழ்கிறது. சிறு பெட்டி அதைத் தாங்காமல் அணைந்து மீண்டும் எழுகிறது. எழுந்து இணையச் சில நிமிடங்கள் ஆகின்றன. வேறு மின்பிரிவிலிருந்து கம்பி இழுத்து, சிறு மின்கலத்துடன் கூடிய தாங்கி ஒன்றை இணைத்ததும் அத்தொல்லை நின்றது. ஆன்டெனாவை மாற்றியிருந்தால் பணம்தான் வீணாகியிருக்கும். நோயைக் கண்டது கணக்கரின் நோட்டுப் புத்தகம்.

தேனி கற்றுத்தந்த பாடம்

ஓர் ஆலை வளாகத்தில் சிறு அளவில் கண்ட இவ்வுண்மையைத் தமிழ்நாட்டில் பேரளவில் கண்ட இடம் ஒன்று உண்டு. அது தேனி. மதுரையில் 1976-இல் மருத்துவர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனைக்குத் தேனியிலும் ஒரு மருத்துவமனை இருக்கிறது. அதனைச் சூழ்ந்த ஊர்களில் சிறு கண் மையங்கள் நிறுவப்பட்டன. அங்கே மருத்துவர் இல்லை. பயிற்சி பெற்ற பணியாளர் நோயாளியின் கண்ணைச் சோதித்து, படக்காட்சி வழியே தேனி மருத்துவருடன் பேசவைப்பார். கண்ணாடியா, சொட்டு மருந்தா, அறுவையா என்பது அப்போதே முடிவாகும். கூலி வேலையை விட்டுப் பேருந்தேறி நகருக்கு வரும் செலவு பலருக்கு மிச்சமாகும்.

அக்காலத்தில் அவ்வூர்களுக்கு நல்ல இணையக் கம்பி இல்லை. கலிபோர்னியாவின் பெர்க்கிலிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், எரிக் புரூவர் என்பாரின் குழுவினர், மலிவான வைஃபை கருவிகளையே எடுத்து, கோபுரங்களில் ஒருதிசை ஆன்டெனாக்களைப் பொருத்தி, 15 கிலோமீட்டர் வரை இணைத்தனர். அங்கே இரு இடர்கள் தோன்றின. முதலாவது நேரம். அலை 15 கிலோமீட்டர் செல்ல 50 மைக்ரோநொடி ஆகிறது. அறைக்குள் பேசப் பழகிய வைஃபை, ஒப்புகைக்காக அவ்வளவு பொறுப்பதில்லை. ‘சேரவில்லை’ என முடிவுகட்டி மறுபடி அனுப்பும். இதனை மாற்றி, இரு முனைகளும் கடிகாரப்படி முறைவைத்துப் பேசும் புதிய ஒழுங்கை அவர்கள் அமைத்து, 2007-இல் ஆய்வுரையாக வெளியிட்டனர். பழைய முறையைவிட இரண்டு முதல் ஐந்து மடங்கு வரை செய்தி கூடுதலாகச் சென்றது.

நம் ஆலையின் 140 மீட்டரை அலை அரை மைக்ரோநொடிக்குள் கடந்துவிடுவதால் ஒப்புகைத் தொல்லை இங்கில்லை. ஆனால் முறைவைத்துப் பேசும் ஒழுங்கு நமக்கும் உதவும். ஓர் அலுவலகத்தோடு இரண்டு, மூன்று பின்கட்டடங்களை இணைக்கும்போது, பின்கட்டடங்கள் ஒன்றையொன்று கேட்கமாட்டா. ஒரே நேரத்தில் பேசி மோதிக்கொள்ளும். முறைவைத்துப் பேசவைக்கும் கருவிகளே அத்தகைய வளாகத்துக்கு உரியவை.

இரண்டாவது இடரே நான் வலியுறுத்த விரும்புவது. 2008-இல் அதே குழுவினர், ஊர்ப்புற வலைகளை உயிரோடு வைத்திருப்பது எப்படி என்று மற்றோர் ஆய்வுரை எழுதினர். மின்சாரத்தின் தரக்குறைவு அவர்களை வெகுவாக வாட்டியது. மின்னழுத்தம் திடீரென உயர்ந்து கருவிகள் கருகின. தாழ்ந்து தாழ்ந்து நின்றதால் கருவிகள் பாதி உயிரோடு உறைந்துபோயின. அணைத்து மீண்டும் இயக்க ஆள் வேண்டியிருந்தது. வெளிநாட்டு ஆய்வாளர் என்றும் உடனிருக்க முடியாது; ஆகவே மின்னழுத்தம் தாழ்ந்தால் கருவியைத் தானே துண்டிக்கும் அமைப்பையும், உள்ளூர்ப் பணியாளர் பழுதை இனங்காணும் எளிய முறைகளையும் உருவாக்கினர். பல்கலைக்கழகத்தின் பேரறிவு தேனியில் வந்து கண்ட உண்மையும், கடையநல்லூர்க் கணக்கரின் நோட்டுப் புத்தகம் கண்ட உண்மையும் ஒன்றே.

செயல்முறைக் குறிப்புகள்

மாணவர்கள் தத்தம் ஊரில் இதனைச் செய்துபார்க்க ஏதுவாகச் சில குறிப்புகளைத் தருகிறேன்.

1. முதலில் கருவி வாங்காதீர்; வளாகத்தைப் படமாக வரைந்து தொலைவு, உயரம், மரம், தகரம் ஆகியவற்றைக் குறியுங்கள்.

2. பள்ளம் தோண்ட முடிந்தால் ஒளியிழை பதியுங்கள். முடியாதபோதே அலைவழியை நாடுங்கள்.

3. கட்டடங்களுக்கிடையே 5 கிகாஹெர்ட்ஸ் அலையைக் கொள்ளுங்கள், 2.4 அலைவரிசையில் அண்டை வீட்டார் அனைவரின் பெட்டியும் பேசிக்கொண்டிருக்கும்.

4. மரம் வளரும் என்பதை எண்ணி உயரத்தை முடிவு செய்யுங்கள். ஆனி, ஆடிக் காற்றில் அசையாதவாறு கம்பத்தை இழுகம்பியால் கட்டுங்கள். இயன்றவரை சுவரிலேயே பொருத்துங்கள்.

5. வெளிக்கம்பிக்கு மின்னல் காப்பானும் நல்ல நில இணைப்பும் கட்டாயம். கம்பி சுவருக்குள் நுழையுமுன் கீழ்நோக்கி ஒரு வளைவு விடுங்கள். மழைநீர் அவ்வளைவில் சொட்டி விழும்.

6. மோட்டார் ஓடும் மின்பிரிவில் இணையக் கருவியைச் சேர்க்காதீர். இரு முனைக்கும் மின்கலத் தாங்கி வேண்டும். ஒரு முனை மட்டும் உயிரோடிருந்து பயனில்லை.

7. ஒவ்வொரு பெட்டியின்மீதும் அதன் பெயரையும், எந்தக் கம்பி எங்கே செல்கிறது என்பதையும் தமிழில் எழுதி ஒட்டுங்கள். அங்கே பணிபுரிபவர் ஒருவருக்கேனும் அதைப் படித்துக் காட்டுங்கள்.

முடிவுரை

அறிவியல் கருவி எவ்வளவு நுண்ணியதாயினும், அது வந்து அமரும் இடம் நம் ஊரின் வெயிலும் காற்றும் மின்சாரமும் கலந்த இடமே. டெசிபெல் கணக்கு ஓர் இணைப்பு இயங்குமா என்று சொல்லும். அது நாளையும் இயங்குமா என்பதைச் சொல்லாது. நாளையும் இயங்க வேண்டுமானால் அதன் பழுதை அறியக்கூடிய ஒருவர் அவ்வளாகத்திலேயே இருத்தல் வேண்டும். பெருநகரிலிருந்து ஆள் வரும்வரை லாரியும் காத்திராது, கண்நோயாளியும் காத்திரார்.

அந்த ஒருவர் பொறியியல் பட்டம் பெற்றவராக இருக்க வேண்டுவதில்லை. மின்னழுத்தத்தை அளக்கவும், நேரத்தைக் குறிக்கவும், காரணத்தையும் காரியத்தையும் பொருத்திப் பார்க்கவும் தெரிந்திருந்தால் போதும். நம் கல்லூரியில் பயிலும் கடைக்காரர், நெசவாளர், உழவர் வீட்டுப் பிள்ளைகளால் இது இயலாத செயலன்று. ஆய்வகத்தில் அலைநீளத்தை அளக்கும் மாணவர், அளவுநாடாவும் ஒரு நோட்டுப் புத்தகமுமாகத் தம் தந்தையாரின் கிட்டங்கிக்கும் ஒருமுறை செல்வாராக. பாடநூலின் அலை அங்கேயும் அதே விதிப்படிதான் செல்கிறது.